சாளை இல்லாவிட்டால் சாப்பிட மறுக்கும் பூனை

வாசகர் கேள்விக்குக் கால்நடை மருத்துவரின் பதில்

குளச்சல் பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருந்தார். அடையாளங்களை நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவர் வீட்டில் இரண்டு வயது ஆண் பூனை ஒன்றும் எட்டு மாதப் பெண் பூனை ஒன்றும் இருக்கின்றன. கணவர் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். குட்டியாக வந்த நாளிலிருந்தே ஆண் பூனைக்குப் பச்சைச் சாளைதான் (மத்தி மீன்) சாப்பாடு. ஜூன் மாதம் பிறந்ததும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கிவிட்டது. மழையும் கடல் சீற்றமுமாக வள்ளங்களும் பல நாள் போகவில்லை. மீன் விலை ஏறிவிட்டது. சோற்றில் மீன்குழம்பு ஊற்றிப் பிசைந்து வைத்தால் பூனை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது. கருவாடு வைத்தால் கொஞ்சம் கடிக்கிறது. "பசிச்சா தானா திங்கும்" என்று வீட்டில் சொன்னதைக் கேட்டு ஒன்றரை நாள் பட்டினி போட்டும் பார்த்திருக்கிறார். மாமியார் கொடுத்த பால்சோறு பெண் பூனைக்கு வயிற்றுப்போக்கில் முடிந்தது.

அப்புறம் சேட்டைகளின் பட்டியல். ஆண் பூனை கிண்ணத்துத் தண்ணீரைத் தொடாமல் குளியலறை வாளியில்தான் குடிக்கிறது. மேசையில் இருக்கும் டம்ளரைத் தட்டிவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறது. செத்த பல்லியையும் பாதி எலியையும் வாசற்படியில் கொண்டுவந்து வைக்கிறது. காலை நாலரை மணிக்கு அலறி எழுப்புகிறது. பெண் பூனை, திண்ணையில் கிடக்கும் வலையைக் கடித்து மெல்லுகிறது. இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆண் பூனை அரிசிச் சாக்கிலும் மடித்து வைத்த துணியிலும் மூத்திரம் போக ஆரம்பித்துவிட்டது என்கிறார். மீன் கொடுக்காததற்குப் பழிவாங்குகிறது என்பது மாமியாரின் முடிவு. ஏழாம் மாதம் முடிந்ததும் நாத்தனார் பேறுகாலத்துக்குத் தாய்வீடு வரப்போகிறார். அதற்குள் இரண்டையும் சாக்கில் கட்டிச் சந்தையில் விட்டுவிட வேண்டும் என்று வீட்டில் நெருக்குகிறார்கள். கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: "இரண்டு நாளாக மூலையில் போய் உட்கார்ந்து முக்குகிறது, மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்திருக்கிறேன்."

அன்புள்ள சகோதரிக்கு,

இந்தக் கடைசி வரிக்காகத்தான் கடிதம் கையில் கிடைத்த அன்றே உங்களைத் தொலைபேசியில் அழைத்தேன். நீங்களும் மழையைப் பாராமல் ஆண் பூனையைக் கூடையில் வைத்து நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டீர்கள். மூத்திரப்பை வீங்கியிருக்கிறது, பாதி அடைப்பு என்று அங்கே சொன்னதாகத் தகவல் அனுப்பியிருந்தீர்கள். சரியான நேரத்துக்குப் போனீர்கள். இனி எழுதுவது உங்களுக்கும், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும்.

ஆண் பூனையின் மூத்திரக் குழாய் நுனியில் மிகவும் குறுகலாக இருக்கும். மணல் போன்ற படிகங்களும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், வெளியேற வேண்டிய கழிவு இரத்தத்தில் தங்கிவிடும். பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பு தடுமாறும். முழு அடைப்பு என்றால் ஒன்றிரண்டு நாளில் உயிரே போய்விடும். பூனை அடிக்கடி போய் உட்காரும், முக்கும், முனகும், அடிப்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கும். வருவதோ சில சொட்டுகள், அல்லது அதுவும் இல்லை. பார்ப்பவர்களுக்கு இது அச்சு அசலாக மலச்சிக்கல் போலத்தான் தெரியும். ஆண் பூனை முக்குவதைப் பார்த்தால் மலம் என்று நினைக்காதீர்கள், மூத்திரம் என்றே நினைத்துக் கிளம்புங்கள். இரவு என்றாலும் காத்திருக்க வேண்டாம். விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். வலிக்கு என்று பாரசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டுகூடக் கொடுத்துவிடாதீர்கள். அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரே மாத்திரையில் செத்த பூனைகள் உண்டு.

அது பழிவாங்கவில்லை

அரிசிச் சாக்கில் மூத்திரம் போனதற்கும் அந்த மூத்திரப்பை வீக்கத்துக்கும் தொடர்பு இருக்கிறது. வழக்கமாகப் போகும் இடத்தில் உட்காரும்போதெல்லாம் எரிச்சல் வந்தால், அந்த இடம்தான் வலிக்கிறது என்று பூனை எடுத்துக்கொள்ளும். மெத்தென்று இருக்கும் வேறு இடத்தைத் தேடிப் போகும். "முன்னெல்லாம் மடியிலேயே கிடக்கும், இப்போது வயிற்றைத் தொட்டால் சீறுகிறது" என்று அதையும் சேட்டைகளோடு சேர்த்து எழுதியிருந்தீர்கள். அதுவும் வலிதான். மீன் தராதவரைத் தண்டிக்கத் திட்டம் போடும் மனம் பூனைக்குக் கிடையாது. மாமியாரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். வன்மத்தோடு செய்கிறது என்று நம்புகிறவரை அவருக்கு அதன்மேல் இரக்கம் வராது.

மருந்தில் வலி குறைந்த பிறகும் சாக்கிலேயே போனால், உங்கள் முற்றத்தைப் பாருங்கள். இவ்வளவு நாளும் வீட்டுக்கு வெளியே காய்ந்த மணல்தான் அதற்குக் கழிப்பிடம். தென்மேற்குப் பருவமழையில் அந்த மணல் சொதசொதவென்று ஊறிக் கிடக்கிறது. வீட்டுக்குள் காய்ந்ததும் மெதுவானதும் எது? அரிசிச் சாக்கும் துணி மூட்டையும். அகலமான பிளாஸ்டிக் பேசினில் நாலு விரல் உயரத்துக்குக் காய்ந்த மணல் நிரப்பி, சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி, ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் வையுங்கள். பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிக்கொள்வது வழக்கம், உங்களுக்கு மூன்று. இடம் போதாது என்றால் குறைந்தது இரண்டு வேண்டும். தினமும் அள்ளிச் சுத்தம் செய்யுங்கள். நனைந்த சாக்கையும் துணியையும் பினாயில் போட்டுக் கழுவ வேண்டாம். அந்த வகைக் கிருமிநாசினி பூனையின் பாதத்தில் ஒட்டி, நக்கும்போது உள்ளே போய் நஞ்சாகும். சோப்பும் வெந்நீரும் போதும், அப்புறம் நல்ல வெயில் கிடைத்தால் காய வையுங்கள்.

ஆண் பூனை நின்றபடியே வாலைச் செங்குத்தாகத் தூக்கி, நுனி நடுங்க, சுவரிலோ கதவிலோ பீய்ச்சினால் அது வேறு விஷயம். எல்லை குறிப்பது. உங்கள் பூனை உட்கார்ந்து போகிறது என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்கள்.

பச்சைச் சாளை மட்டும் போதுமா?

"பூனைக்கு மீன்தானே இயற்கை உணவு" என்று கேட்டிருக்கிறீர்கள். நம் கடற்கரையில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட நிலத்தில் எலியும் சிறு பறவையும் பிடித்துத் தின்ற காட்டுப் பூனை. மீன் நாம் பழக்கியது. கொடுப்பதில் தவறில்லை. பச்சையாகக் கொடுப்பதும், அது ஒன்றையே கொடுப்பதும்தான் பிரச்சினை.

சாளை, நெத்திலி வகையைச் சேர்ந்த பல மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி ஒன்று இருக்கிறது. மாதக்கணக்கில் பச்சையாகத் தின்றால் பி1 குறைந்து, முதலில் பசி மந்தமாகும். பிறகு தலை தொங்கும், நடை தள்ளாடும், வலிப்பு வரும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். ஆகவே இன்றிலிருந்தே சாளை அடுப்பில் ஒரு கொதி கண்ட பிறகே தட்டுக்குப் போகட்டும். நடுமுள்ளை எடுத்துவிடுங்கள். இன்னொன்று, எண்ணெய்ச் சத்து மிகுந்த மீன் மட்டுமே தின்னும் பூனைக்கு வைட்டமின் ஈ போதாமல் போய், தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பே புண்ணாகும். தடவினால் கத்தும், காய்ச்சல் வரும். மறுமுறை காட்டும்போது மருத்துவரிடம் இந்தப் பழக்கத்தையும் சொல்லுங்கள்.

சோறும் மீன்குழம்பும் இதற்கு மாற்றாகாது. பூனை முழு மாமிச உண்ணி. டாரின் என்ற சத்தை அது தன் உடலில் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாது, மாமிசத்திலிருந்துதான் பெற வேண்டும். அது குறைந்தால் பூனைகளுக்கு இதயத் தசை பலவீனமாகி வீங்குகிறது என்பதைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987-இல் கண்டறிந்தார்கள். கண்ணின் விழித்திரையும் கெடும். சோற்றில் டாரின் இல்லை. அதோடு நம் மீன்குழம்பில் உள்ளியும் (சின்ன வெங்காயம்) பூண்டும் இல்லாமல் இருக்குமா? உள்ளி, சவாளை (பெரிய வெங்காயம்), பூண்டு எல்லாமே பூனையின் சிவப்பணுக்களை உடைத்து இரத்தசோகையை உண்டாக்கும். வதக்கினாலும் அரைத்தாலும் அந்தக் குணம் போகாது. குழம்புக்கு மசாலா சேர்ப்பதற்கு முன்பே பூனையின் பங்கை எடுத்துத் தனியாக, உப்பில்லாமல் வேகவைத்துவிடுங்கள்.

கருவாட்டில் ஈரமில்லை, உப்போ அளவுக்கு மிஞ்சியது. மூத்திரப்பை நோய் வந்த பூனைக்கு அது ஆகாது. கரையில் வீசிக் கிடக்கும் பேத்தை மீன் பக்கம் இரண்டையும் போகவிடாதீர்கள், அதன் விஷம் மனிதனையே கொல்லும். பாலைப் பற்றி ஒரு வரி போதும். தாய்ப்பால் மறந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துவிடும், வயிற்றுப்போக்கு அதனால்தான்.

சாளையிலிருந்து மாற்றுவது

ஒன்றரை நாள் பட்டினி போட்டதைப் பற்றி நீங்களே வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் சொன்னதைக் கேட்டீர்கள், அவ்வளவுதான். ஆனால் இனி வேண்டாம். நாய் பசித்தால் இறங்கி வரும். பூனை அப்படியில்லை. குட்டிப் பருவத்தில் எந்த வாசனையும் எந்தப் பதமும் பழகியதோ அதுதான் அதற்குச் சாப்பாடு. மற்றதெல்லாம் தட்டில் கிடக்கும் ஏதோ ஒரு பொருள். இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால், உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலில் போய்ப் படிந்து மஞ்சள் காமாலை வரும். கொழுத்த பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். எந்தப் பூனையும் ஒரு முழுநாள் ஒன்றும் தொடவில்லை என்றாலே மருத்துவரைக் கேளுங்கள்.

மாற்றத்தைப் பத்துப் பன்னிரண்டு நாளில் கொண்டுவரலாம். எலும்பில்லாத கோழிக்கறியை உப்பில்லாமல் வேகவைத்து, விரலால் பிய்த்து நூலாக்குங்கள். முதல் இரண்டு நாள் வெந்த சாளையில் ஒரு சிட்டிகை அளவுக்குத்தான் கோழி இருக்க வேண்டும், பூனைக்குத் தெரியவே கூடாது. பிறகு கால் பங்கு, அரைப் பங்கு என்று கூட்டுங்கள். எங்கே ஒதுக்குகிறதோ அங்கே ஓர் அடி பின்வாங்கி இரண்டு நாள் நில்லுங்கள். மேலே சாளை வேகவைத்த தண்ணீரை ஒரு கரண்டி ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் வையுங்கள். பூனை நாக்கை நம்புவதைவிட மூக்கைத்தான் நம்பும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேராக எடுத்து வைத்த சாப்பாட்டுக்கு வாசனை இருக்காது. கோழி வேகும்போது டாரினில் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கிவிடும், அந்தச் சாற்றையும் கொட்டாமல் சேருங்கள். கோழி இதயம் கிடைத்தால் விடாதீர்கள், அதில் டாரின் நிறைய. ஈரல் வாரம் ஒருமுறை சிறு துண்டு போதும், தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ மிஞ்சி எலும்பு கெடும். முட்டையை வேகவைத்தே கொடுங்கள்.

நாலு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி வேண்டும். வெந்த கோழிக்கறியாகக் கணக்கிட்டால் 120 முதல் 150 கிராம். இதை மூன்று நாலு வேளையாகப் பிரியுங்கள். எலும்பில்லாத கறி மட்டும் கொடுத்துக்கொண்டே போனால் சுண்ணாம்புச் சத்து போதாது. அதனால் பாதிப் பங்கு கறியும் மீனுமாகவும், மீதிப் பாதி கடையில் கிடைக்கும் பூனைத் தீவனமாகவும் இருக்கட்டும். நாய்த் தீவனம் மலிவு என்று வாங்கிவிடாதீர்கள், அதில் பூனைக்கு வேண்டிய டாரின் இருக்காது. உங்கள் ஆண் பூனைக்கு உலர் தீவனத்தை இப்போதைக்குத் தண்ணீரில் ஊறவைத்தே கொடுங்கள். நோய் ஆறும்வரை தனித் தீவனம் ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால் அதுதான் முதலில்.

வாளித் தண்ணீர் சமாசாரமும் இங்கேதான் வருகிறது. வறண்ட நிலத்து மரபு என்பதால் பூனைக்குத் தாகம் குறைவு, மூத்திரம் கெட்டி. ஈரமான சாப்பாடும் நிறையத் தண்ணீரும்தான் அடைப்பு மறுபடி வராமல் தடுக்கும். அது வாளியில் குடித்தால் குடிக்கட்டும், நல்ல தண்ணீராக நிரப்பி வையுங்கள். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த தண்ணீரைப் பல பூனைகள் தொடுவதில்லை. மீசை இடிக்காத அகலமான மண் சட்டிகளை இரண்டு மூன்று இடத்தில் தள்ளித் தள்ளி வைத்துப் பாருங்கள்.

மற்ற சேட்டைகள்

இவற்றில் என்னைக் கவலைப்பட வைப்பது வலையை மெல்லுவது மட்டும்தான். மீன் வாடை அடிக்கிற வலை பூனைக்குத் தின்பண்டம். தங்கூசி (நைலான் நரம்பு) இழை ஒன்று அறுந்து உள்ளே போனால், ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொண்டு மறுமுனை குடலைச் சுருட்டி அறுக்கும். வாந்தி, சோர்வு, சாப்பிடாமை என்று தொடங்கும். வாயிலோ ஆசனவாயிலோ இழை தொங்குவதைக் கண்டால் பிடித்து இழுக்கவே கூடாது, அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வலையைத் திண்ணையில் போடாமல் உயரத்தில் கட்டித் தொங்கவிடச் சொல்லுங்கள். கணவருக்கு வலையும் மிஞ்சும்.

பல்லியும் எலியும் கொண்டுவருவது பசியால் அல்ல. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். ஆனால் சாப்பாட்டுக்கும் இதற்கும் கொஞ்சம் தொடர்பு இருக்கத்தான் செய்கிறது. இங்கிலாந்தில் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், மாமிசப் புரதம் மிகுந்த தீவனம் தின்ற பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் ஐந்து பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டிய வீடுகளில் 25 சதவீதம் குறைந்தது. ஓலை ஈர்க்கில் கோழி இறகைக் கட்டி ஆட்டினால் போதும். அக்கம்பக்கத்தில் எலி மருந்து வைக்கிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள், மருந்து தின்ற எலியைத் தின்னும் பூனையும் சாகும். எலி பிடிக்கிற பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து வேண்டும்.

நாலரை மணி அலறலுக்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மாமியார் காலைப் பூசைக்குக் கிளம்ப எழுந்து அடுக்களை விளக்கைப் போட்டதும் ஒரு துண்டு மீன் போடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தியும் விடியலும் பூனை சுறுசுறுப்பாக இருக்கும் வேளை. அந்த நேரத்தில் மீனும் கிடைத்தால் மறக்குமா? படுக்கப்போகும் முன் விளையாட்டுக் காட்டிக் கடைசி வேளைச் சாப்பாட்டைக் கொடுங்கள். காலையில் கத்தும்போது யாரும் எழுந்து எதுவும் போடக் கூடாது. முதல் ஒரு வாரம் முன்பைவிட அதிகமாகக் கத்தும். அதில் ஒருநாள் இளகிப்போய் மீனைப் போட்டுவிட்டால், இன்னும் உரக்கக் கத்த வேண்டும் என்றுதான் கற்றுக்கொள்ளும். டம்ளர் தட்டுவதும் இதே ரகம், உடனே ஓடி வந்து பேசுகிறீர்கள் அல்லவா!

நாத்தனார் வருகிறார் என்றால்

பூனை மூலம் பரவும் டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி கருவைப் பாதிக்கக்கூடும் என்பது உண்மை. அந்தப் பயத்தை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் பூனையைத் தொடுவதாலோ அதன் முடியாலோ அது வருவதில்லை. கிருமி தொற்றிய பூனை பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறை, ஓரிரு வாரங்கள்தான் அதை மலத்தில் வெளியேற்றும். அந்த மலமும் வெளியேறிய உடனே தொற்றாது, குறைந்தது ஒரு நாளாவது ஆக வேண்டும். தினமும் மணல் தட்டைச் சுத்தம் செய்தால் பெரும்பகுதி ஆபத்து போய்விடும். அந்த வேலையை நாத்தனார் செய்யக் கூடாது, நீங்கள் செய்யுங்கள். அவர் தோட்டத்து மண்ணில் வெறுங்கையால் வேலை பார்க்க வேண்டாம். வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் இந்தக் கிருமிக்கு முக்கியமான வழிகள் என்பதையும் சொல்லுங்கள். பச்சைக் கறி கொடுக்காமல், வேகவைத்தே பூனைக்குப் போடுவது இங்கேயும் உதவும். கருவுற்றவருக்குச் சோதனை தேவையா என்பதை அவருடைய மகப்பேறு மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அவர் வருவதற்குள் இரண்டு பூனைகளுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள். பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டுப் பூனைதானே என்று விடக் கூடாது. குழந்தை பிறந்த பிறகு தூங்கும் பிள்ளையோடு பூனையைத் தனியாக விடாதீர்கள்.

சந்தையில் விடுவது

இது வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்கிறேன். வளர்த்த விலங்கைப் பட்டினிக்கும் தாகத்துக்கும் ஆளாகும்படி கைவிடுவது, 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மூத்திரப்பை நோயோடு இருக்கிற ஓர் ஆண் பூனை சந்தையில் மறுபடி அடைத்துக்கொண்டால் அதைத் தூக்கிக்கொண்டு ஓட யாரும் இல்லை. மற்ற ஆண் பூனைகள் அதைத் தங்கள் இடத்தில் விடவும் விடா. வீட்டில் உண்மையிலேயே வைத்திருக்க முடியாத நிலை வந்தால், அதன் பழக்கங்களையும் நோயையும் சொல்லி, தெரிந்த குடும்பம் ஒன்றில் ஒப்படையுங்கள். பேறுகாலத்துக்கு மட்டும் உறவினர் வீட்டில் விடுவதும் ஒரு வழிதான்.

மாமியாரின் கோபத்தைப் பெருமளவு தணிக்கக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது, குடும்பக் கட்டுப்பாடு அறுவை. நீங்கள் கடிதத்தில் இதைப் பற்றி எதுவுமே எழுதவில்லை. எட்டு மாதப் பெண் பூனையும் இரண்டு வயது ஆணும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அவள் இப்போதே சினையாக இருக்கலாம், சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரம். பேறுகால வீட்டில் நாலு குட்டிகளும் சேர்ந்தால் உங்கள் பாடு திண்டாட்டம். முதலில் அவளைக் கொண்டுபோய் வயிற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆணுக்கு மூத்திரப்பை முழுதாக ஆறியது என்று மருத்துவர் சொன்ன பிறகு செய்யலாம். ஊர் சுற்றலும் சண்டையும் பீய்ச்சலும் அடங்கும். அறுவைக்குப் பின் இரண்டுக்கும் பசி கூடும், உடலுக்குத் தேவைப்படும் உணவோ குறையும். அதனால் நான் மேலே சொன்ன அளவில் கால் பங்கைக் குறைத்துவிட்டு மாதம் ஒருமுறை எடை பாருங்கள். அறுவைக்கு முந்தைய இரவு எத்தனை மணி வரை சாப்பாடு வைக்கலாம் என்பதையும் தேதி குறிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.